குஞ்சித்தம்பியின் சாய்மனைக் கதிரை

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வேலை தொடங்கி முடியாமல் இழுபட்டால் அதற்கு ஒரு பெயர் உண்டு. "குஞ்சித்தம்பியின்ர கதிரை மாதிரி" என்பார்கள். தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய கிடங்கை மூடாமல் விட்டுவிட்டுப் போனார்கள், அது குஞ்சித்தம்பியின் கதிரை. முன்வீட்டுப் பெடியனின் கலியாணப் பேச்சு சாதகம் பார்த்ததோடு நின்றுபோனது, அதுவும் குஞ்சித்தம்பியின் கதிரை. குஞ்சித்தம்பி வேறு யாருமில்லை, என்னுடைய மனிசன்தான். நான் யோகமலர். அந்த மனிதரைக் கட்டிய குற்றத்துக்காக இந்தப் பகிடி எல்லாவற்றையும் நானும் பக்கத்தில் நின்று கேட்டவள்.

துறைமுகத்தில் இவருக்கு, வருகிற கப்பலைக் கயிறு போட்டுக் கரையோடு கட்டுகிற வேலை. போன வருடம்தான் ஓய்வுபெற்றார். மலை போல ஒரு கோதுமைக் கப்பல் வந்தாலும் அப்படி இப்படி அசையாமல் கட்டி நிறுத்திவிட்டு வந்து சோறு கேட்கிற ஆள். நாலு காலும் இரண்டு கையும் உள்ள ஒரு கதிரைக்கு மட்டும் அவருடைய கெட்டித்தனம் செல்லவில்லை. கடலுக்குப் பயப்படாத மனிதரை ஒரு பலகைத் துண்டு அழவைத்தது.

கதை எங்கே தொடங்கியது என்றால், என் அப்பாவிடம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணத்தோடு வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதுவார்கள், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் ஏறுவார். வெருகலில் இருந்து இவர் வந்து ஏறியபோது கையில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே கொஞ்சம் சாரம், சேட்டு, சவரச் சாமான். வீட்டில் இருந்த கட்டில், அலுமாரி, மேசை, குத்துவிளக்கு எல்லாம் என்னுடைய சீதனம். முன் ஹோலில் அப்பாவின் சாய்மனைக் கதிரை. முதிரை மரத்துச் சட்டம், பிரம்புப் பின்னல், நீட்டி நிமிர்ந்த கை. அப்பா நெடிய மனிதர், வாசல் நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வருவார். வேலையால் வந்து அதில் சாய்ந்தாரென்றால் பிறகு அது கதிரை இல்லை, சிம்மாசனம்.

மாமனார் இருக்கிற இடத்தில் மருமகன் கதிரையில் குந்தியிருக்கமாட்டான். எங்கள் ஆட்களின் மரியாதை அப்படி. மற்ற வீடுகளில் மருமகன்மார் ஆறு மாதம், ஒரு வருடம் அந்த மரியாதையைக் காப்பாற்றுவார்கள், பிறகு மெல்ல ஒரு ஓரமாக இருந்துவிடுவார்கள். என்னுடைய ஆள் அப்படியில்லை. நிலையோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். ரேடியோவில் செய்தி கேட்பதும் நின்றபடி, தேத்தண்ணி குடிப்பதும் நின்றபடி. சாப்பாடு குசினிக்குள் பலகையில் குந்தி. எங்கள் ஹோலில் தபால்காரன் இருந்த நேரம்கூட இவர் இருந்த நேரத்தைவிடக் கூடுதலாக இருக்கும். அப்பாவும் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. மருமகன் நின்றால் அது மருமகன் நிற்கிற இடம் என்று நினைத்திருப்பார்.

அப்பா காலமான பிறகு, வருடம் திரும்பி ஆட்டத்திவசமும் முடிந்த பிறகு, நான்தான் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, இனி அதில இருங்கோவன். சும்மாதானே கிடக்கு."

"அது மாமாவின்ர கதிரை."

"மாமா மேல போயிட்டார். கதிரையைக் கொண்டுபோகேல்ல."

"எனக்கு வேண்டாம் மலர். நான் எனக்கெண்டு ஒண்டு செய்யப்போறன்."

"கடையில வாங்குங்கோ."

"வாங்கினாலும் அது உன்ர வீட்டுச் சாமானாத்தான் போகும். இந்த வீட்டில நான் செய்தது எண்டு ஒண்டு இருக்கட்டும். ஒண்டே ஒண்டு."

நான் சிரித்தேன். பகிடி என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் மனிதர் முதிரைப் பலகையோடு வந்து நின்றார்.

ஆரம்ப சூரத்தனம் என்றால் அதை இவரிடம்தான் பார்க்க வேண்டும். வாள், உளி, இழைப்புளி என்று ஆசாரி மாதிரிச் சாமான் எல்லாம் வாங்கினார். காதில் பென்சில் வேறு. கிணற்றடிப் பக்கம் கொட்டில் போட்டு, அப்பாவின் கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாடா பிடித்து அளந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். முதல் சட்டத்தில் ஒரு கை வானத்தைக் காட்டியது, மற்றது பூமியைக் காட்டியது. கொஞ்ச நாள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு ஒரு பின்னேரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "விட்டாச்சு" என்றார். அந்தப் பலகை கோழிக்கூட்டுக்குக் கதவானது. நல்ல கதவு, இப்போதும் கிடக்கிறது. கோழிகளுக்கு முதிரைக் கதவு போட்ட வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை சட்டம் ஓரளவு சரிவந்தது. மாரி மழை தொடங்கிவிட்டது. மூட மறந்துவிட்டார். பொருத்துகள் எல்லாம் ஊதி வெடித்தன. "விட்டாச்சு."

அதற்கு அடுத்த முறைதான் விசேஷம். சட்டம் அச்சொட்டாக வந்தது, நானே வாயைப் பிளந்தேன். இனிப் பிரம்பு பின்னவேண்டும். பிரம்பை ஊறவைத்து மெதுப்படுத்தித்தான் பின்னுவார்கள். இவர் என்ன செய்தார்? வெருகல் கரையில் பிறந்தவருக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து உப்புத் தண்ணீர்தான். கயிற்றையும் வலையையும் கடலில் போட்டு எடுத்துப் பழகிய கை. பிரம்புக்கு உளுப் பூச்சி பிடிக்காது என்று சொல்லிக் கடல் தண்ணீர் அள்ளிவந்து பீப்பாவில் ஊறப்போட்டார். காய்ந்த பிரம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. இழுத்துப் பின்னப் பின்ன அப்பளம் மாதிரி முறிந்தது. 'டிக், டிக்' என்று முறிகிற சத்தம் குசினி வரைக்கும் கேட்கும். அன்றைக்கு இவர் வந்து சொல்ல முன்னமே நான் உள்ளே இருந்து கூப்பிட்டுச் சொன்னேன்:

"விட்டாச்சோ?"

இவர் சட்டத்துக்கு மேல் ஒரு சாக்கைப் போர்த்திக் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டார். வருடம் வருடமாக அது அப்படியே கிடந்தது. வருகிற போகிற சொந்தக்காரர் எல்லாம், "கதிரை சுகமே?" என்று பிள்ளையை விசாரிப்பது மாதிரி விசாரித்துவிட்டுப் போவார்கள். இவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு நிலையோடு போய் நிற்பார்.

இந்த வருடம் எங்கள் மகள் பிரியதர்சினிக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை தனஞ்சயன், மூதூர்ப் பக்கம், கந்தளாயில் வேலை. நல்ல பெடியன். முறைப்படி வீட்டை மகளுக்கு எழுதினோம், பின்பக்கத்து அறையை எங்களுக்கு வைத்துக்கொண்டோம். கையெழுத்து வைத்துவிட்டு வந்த அன்று பின்னேரம் கொட்டில் பக்கம் தட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால், சாக்கு நிலத்தில் கிடக்கிறது. மனிதர் சட்டத்தில் இருந்து சிலந்திவலை தட்டுகிறார்.

"ஐயோ கடவுளே, திரும்பவுமோ? கலியாண வேலை தலைக்கு மேல கிடக்கு. பந்தல்காரனைப் பார்க்கோணும், நீங்கள் சிலந்தியோட மல்லுக்கட்டுறீங்கள்!"

இவர் தட்டுவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"இவ்வளவு நாளும் உன்ர வீடு. இனி மகளின்ர வீடு. மாப்பிள்ளை வந்து ஏறேக்க நான் நிலையோட நிண்டுகொண்டிருக்க ஏலாது மலர். மாமனெண்டு ஒரு இடத்தில இருக்கவேணும். இந்த முறை விடமாட்டன்."

வாய்க்கு வந்த பகிடியை விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இவ்வளவு காலம் அதைக் கதிரை என்று மட்டும் நினைத்திருக்கிறேனே என்று என்மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் தேங்காய் துருவுவேன். அன்றைக்கு நிறையத் துருவினேன்.

துறைமுகத்தில் இவரோடு வேலைசெய்த, நான் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற கலீலுர் றஹ்மான் குறிஞ்சாக்கேணியில் இருந்து புதுப் பிரம்பு கொண்டுவந்து தந்தார். இறக்கி வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சி, இந்த முறை பீப்பாக்குள்ள கிணத்துத் தண்ணிதானே? ஒருக்கா வாயில விட்டுப் பாருங்க."

"பாத்தாச்சு நானா. உப்பில்ல."

"அப்ப அந்த உப்பைக் கறியில போட்டாரோ தெரியா" என்றார், இவர் காதில் விழும்படி.

இவர் ஒன்றுக்கும் அசையவில்லை. தினமும் பின்னேரம் பிரம்பும் கையுமாகத்தான் இருந்தார். கப்பல் கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்கள், அந்த மெல்லிய பிரம்பை ஒவ்வொரு கண்ணாக நுழைத்து இழுக்கும்போது பார்க்கப் பாவமாக இருக்கும். ஒரு வரிசை பிழைத்தால் முழுவதையும் அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பின்னுவார். இடைக்கிடை ஹோலுக்கு வந்து அப்பாவின் கதிரையைக் குனிந்து பார்ப்பார், நாடா பிடிப்பார், போவார். "மாமாவின்ர கதிரைக்கு ஒரு நூல் பிசகாது" என்று சொல்லிக்கொண்டு போவார். கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, மெருகும் பூசிக் காய்ந்து, கதிரை முடிந்தது.

முடிந்ததும் இருந்து பார்த்தாரா? இல்லை. பஞ்சாங்கம் பார்த்தார். நல்ல நேரத்தில்தான் இருப்பாராம். றஹ்மான் நானாவுக்குச் சொல்லி அனுப்பி, அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டார். நான் தேத்தண்ணியும் பலகாரமும் வைத்தேன். கதிரையைத் தூக்கிவந்து ஹோலில் அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தபோது, சும்மா சொல்லக்கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. புது மெருகு ஒன்றுதான் வித்தியாசம். பிரியா கை தட்டினாள். இவர் புதுச் சாரம் உடுத்தி, திருநீறு பூசி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மெல்ல அதில் இருந்தார்.

இருந்தவர் கதிரைக்கு உள்ளே போய்விட்டார்.

கால் இரண்டும் நிலத்தில் இருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கின. முழங்கை கதிரைக் கைக்கு எட்டவில்லை. முதுகு சாய்கிற இடம் எங்கேயோ பின்னால் கிடந்தது. தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி, முகம் மட்டும் பெரிய மனிதரின் முகம். அப்பாவின் நீளக் காலுக்கென்று உயர்த்தி, அகட்டிச் செய்வித்த கதிரையை ஒரு நூல் பிசகாமல் செய்து வைத்திருக்கிறார் என் சின்ன மனிதர்! கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். பிறந்த நாள் முதல் நானும் அந்தக் கதிரையோடுதான் வளர்ந்தேன். எனக்கே தோன்றவில்லை.

"குஞ்சித்தம்பி, இறங்குறதுக்கு ஏணி கொண்டரவா?" என்றார் றஹ்மான் நானா.

அவ்வளவுதான். என்னால் அடக்க ஏலாமல் போய்விட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்தும் சரிவரவில்லை. நான் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள்.

இவர் சிரிக்கவில்லை. வழமையாகச் சிரிப்பவர். கதிரையின் விளிம்பைப் பிடித்து, கால் தேடி இறங்கினார். ஒருவரையும் பார்க்காமல் கதிரையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். சாக்கு எடுக்கிற சத்தம் கேட்டது. "விட்டாச்சு" என்கிற அந்தச் சொல்லைக்கூட அவர் சொல்லவில்லை.

"என்னம்மா நீங்கள்! ஏன் சிரிச்சனீங்கள்?" என்றாள் பிரியா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. றஹ்மான் நானா பலகாரத்தைத் தொடாமல் எழுந்து, "நான் சும்மா பகிடிக்குத்தான் தங்கச்சி..." என்று இழுத்தார்.

நான் கொட்டிலுக்குப் போனேன். இவர் ஒரு மரக்குற்றியில் இருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எனக்கு மன்னிப்புக் கேட்க வராது, ஏச்சுத்தான் வரும்.

"எனக்கு விளங்கேல்ல. இவ்வளவு காலமா அந்தக் கதிரையைக் குத்தி முறிச்சு அளந்தீங்களே, ஒரே ஒருக்கா அதில இருந்து பாத்திருந்தால் தெரிஞ்சிருக்குமே! நான் எத்தினை தரம் சொன்னனான், இருங்கோ இருங்கோ எண்டு!"

"நீ சொன்னனி."

"பிறகென்ன?"

"மாமா சொல்லேல்லையே" என்றார். "ஒருக்காவது 'இரும் தம்பி' எண்டு சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நல்ல மனிசன், ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனா சொல்லேல்ல. அவர் போனாப் பிறகு ஆர் சொல்லுறது?"

எனக்கு வாயடைத்துப்போனது. எங்கள் ஒழுங்கையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், அது லேசில் நடக்கிற காரியமில்லை.  இந்த மனிதரை எத்தனை ஆயிரம் தடவை அந்த நிலையடியில் தாண்டிப் போயிருப்பேன், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு!

உள்ளே போய் என் தையல் நாடாவை எடுத்துவந்தேன்.

"எழும்புங்கோ."

"ஏன்?"

"எழும்பி அந்தச் சுவரோட நில்லுங்கோ. இவ்வளவு காலமா என்ர அப்பாவை அளந்தது காணும். இப்ப உங்களை அளக்கப்போறன்."

முழங்காலில் இருந்து குதிகால் வரை நாடா பிடித்தேன். கிச்சுக்கிச்சு என்று துள்ளினார். "ஆடாமல் நில்லுங்கோ, இல்லாட்டிப் பிறகும் பிழைச்சுப்போகும்" என்று ஒரு தட்டுத் தட்டினேன். சாக்கை உருவி எறிந்துவிட்டு, கதிரைக் காலில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன். வாளை எடுத்து ஒரு காலில் வைத்து இழுத்ததுதான் தாமதம், மனிதர் பாய்ந்து வந்து கையைப் பிடித்துவிட்டார்.

"ஏய், ஏய்! முதிரையை உப்பிடியே வெட்டுறது? வாழைக்குத்தி எண்டு நினைச்சியோ? கொண்டா இஞ்ச!"

அதுதானே எனக்கும் வேண்டியது.

வெட்டினார். ஒரு கால் கொஞ்சம் கூடிப்போனது என்று மற்றதை வெட்டினார். அது கூடிப்போனது என்று இதை வெட்டினார். கதிரை ஆடிக்கொண்டே இருந்தது, இவரும் வெட்டிக்கொண்டே இருந்தார். விட்டால் குசினிப் பலகையாக்கிவிடுவார் என்று பயந்து வாளைப் பறித்து ஒளித்துவைத்தேன். ஆடுகிற காலுக்குக் கீழே ரப்பர்த் துண்டு ஒட்டினோம். முதுகுப் பக்கம் பள்ளத்துக்குப் பிரியா ஒரு தடித்த தலையணை தைத்துக் கட்டினாள்.

"இப்ப இருங்கோ" என்றேன். "நல்ல நேரமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

இருந்தார். பாதம் இரண்டும் சமமாக, சப்பென்று நிலத்தில் பதிந்தன. குனிந்து அவற்றைப் பார்த்தார். பெருவிரலை அசைத்து நிலத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பந்தல்காரன் வந்து கூப்பிட்டும் எழும்பவில்லை, நான்தான் போய்க் கதைத்தேன்.

கோயிலில் தாலி கட்டி முடித்து மாப்பிள்ளையும் பெண்ணும் வீட்டுக்கு வந்தார்கள். ஆலாத்தி எடுத்து, பால் பழம் கொடுத்து, வந்த சனம் எல்லாம் ஹோலில் நிறைந்து கதிரை கதிரையாக இருந்துவிட்டார்கள். இவர் தன்னுடைய கதிரையில் இருந்தார். பக்கத்தில் அப்பாவின் கதிரை வெறுமையாகக் கிடந்தது, அதில் யாரும் இருக்கத் துணியவில்லை. பெண்டுகள் பிரியாவை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகத் தனஞ்சயன் தனியாகிப் போனான். நெடிய பெடியன். இங்கும் பார்த்து அங்கும் பார்த்து, மெல்லப் பின்னுக்குப் போய் அந்த நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

நான் தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். இவர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"தம்பி, ஏன் நிக்கிறீர்?"

"பரவாயில்ல மாமா."

"வாரும். வந்து இதில இரும்" என்று அப்பாவின் கதிரையைக் காட்டினார்.

ஹோலில் கதை நின்றுபோனது. என் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். பெடியன் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு தயங்கினான்.

"இல்ல மாமா, உங்களுக்கு முன்னால நான்..."

"இரும் எண்டுறன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் அப்படி ஒரு குரலில் அவர் கதைத்து நான் கேட்டதேயில்லை. தனஞ்சயன் வந்தான். கதிரைக் கையைத் தொட்டு மெல்ல இருந்தான். அவனுடைய காலுக்கு அது அளவெடுத்துச் செய்த மாதிரிப் பொருந்தியது. இவர் சரிந்து அவனுடைய காலைப் பார்த்தார், தன்னுடைய காலைப் பார்த்தார், பிறகு மூதூர் பஸ் ஓடுகிறதா என்று ஏதோ கேட்கத் தொடங்கினார். இருவரும் இருந்தபடி கதைத்தார்கள்.

"தேத்தண்ணி ஆறுது, கொண்டு வாங்கோவன்" என்று யாரோ கூப்பிட்டார்கள். ஆறட்டும் என்று விட்டேன். கண் மறைத்துக்கொண்டு வந்தது. தட்டு இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.